பழைய லாரியில் ஒரு பேட்டரி மட்டும் ஏன் சீக்கிரம் உட்கார்ந்துவிடுகிறது?

கேள்வி சென்னை மணலி பக்கம் கன்டெய்னர் இழுக்கும் ஒரு பழைய லேலண்ட் டிரெய்லரைப் பற்றியது. 12 வோல்ட் 150 ஏ.ஹெச். (ஆம்பியர்-ஹவர், பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி இரண்டு இருக்கின்றன. ஜோடியாக வாங்கி வருஷம்கூட ஆகாத நிலையில் ஒன்று மட்டும் உட்கார்ந்துவிட்டது. காலையில் செல்ஃப், அதாவது ஸ்டார்ட்டர் மோட்டார், ‘டக் டக்’ என்று தட்டுகிறதே தவிர இன்ஜினைச் சுற்றவில்லை. பிரேக் மிதித்தால் இண்டிகேட்டரும் சேர்ந்து மங்கலாக எரிகிறது. பேட்டரிக்கு சார்ஜ் கொடுக்கும் டைனமோவை மாற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக்.

டைனமோவுக்குப் பணம் எடுத்து வைப்பதற்கு முன் பேட்டரி பெட்டியைத் திறந்து, இரண்டு பேட்டரிகளையும் இணைக்கும் அந்தக் குட்டை கேபிளின் போல்ட்டைப் பாருங்கள். அதிலிருந்து மெல்லிய வயர் ஒன்று தனியாகக் கேபினுக்கு ஏறுகிறதா? ஏறினால் முதல் கேள்விக்கான விடை அதுதான். செல்ஃப் தட்டுவதும் இண்டிகேட்டர் மங்கலாக எரிவதும் பெரும்பாலும் வேறு இடத்துக் கோளாறு. மூன்றையும் ஒரே டைனமோ தலையில் கட்டினால் மூன்றும் அப்படியே இருக்கும்.

முதலில் இணைப்பு எப்படி இருக்கிறது என்பது. ஒரு பேட்டரியின் நெகட்டிவ், மெயின் சுவிட்ச் வழியாக சேஸிஸுக்குப் போகிறது. இதைக் கீழ் பேட்டரி என்று வைத்துக்கொள்வோம். அதன் பாசிட்டிவிலிருந்து குட்டை கேபிள் அடுத்த பேட்டரியின் நெகட்டிவுக்குப் போகிறது. அந்த மேல் பேட்டரியின் பாசிட்டிவ் நேராக செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டுக்கு. இப்படி வரிசையாகக் கோர்த்தால் 12-ம் 12-ம் சேர்ந்து 24 வோல்ட் ஆகும், ஆனால் ஏ.ஹெச். கூடாது, 150 ஏ.ஹெச். 150 ஆகவேதான் இருக்கும். 300 கிடைக்கும் என்று நினைத்து ராத்திரி முழுக்க ஃபேனும் லைட்டும் போட்டுத் தூங்குகிறவர்கள் நிறைய பேர். இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: செல்ஃப் இழுக்கும் அத்தனை கரன்ட்டும் அந்தக் குட்டை கேபிள் வழியாகவே போகிறது. நீளம் கம்மிதானே என்று அதை மட்டும் மெல்லிசாகப் போட்டிருப்பது பழைய வண்டிகளில் சகஜம்.

இப்போது நடு போல்ட்டிலிருந்து 12 வோல்ட் எடுப்பதற்கு வருவோம். கார் மியூசிக் பிளேயர், போன் சார்ஜர், சாமி படத்து விளக்கு என எதற்கோ 12 வோல்ட் தேவைப்பட்டு யாரோ எடுத்திருப்பார்கள். அந்த லோடு கீழ் பேட்டரியிலிருந்து மட்டும்தான் கரன்ட் எடுக்கும். ஒரு ஆம்ப் வீதம் பத்து மணி நேரம் ஓடினால் அதில் 10 ஏ.ஹெச். குறையும், மேல் பேட்டரியில் ஒன்றும் குறையாது. சார்ஜ் ஆகும்போதோ டைனமோவின் கரன்ட் இரண்டுக்குள்ளும் ஒரே அளவில்தான் போகும். கீழ் பேட்டரி நிறைவதற்குள் மேல் பேட்டரி நிரம்பி வழிந்துவிடும். சார்ஜிங் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பார்ப்பது மொத்தம் 28 வோல்ட்டை மட்டும்தான். அதில் யாருக்கு எவ்வளவு என்பது அதற்குத் தெரியாது.

மீட்டர் வைத்தால் இது கண்ணுக்கே தெரியும். அரை மணி நேரம் வண்டி ஓடிய பிறகு, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். ஒழுங்கான ஜோடி என்றால் 14.0, 14.0 என்று இருக்கும், 0.2, 0.3 வித்தியாசம் பரவாயில்லை. நடுவில் வயர் எடுத்த வண்டியில் கீழே 13.1, மேலே 14.9 என்று வரும். கூட்டினால் அதே 28. அதனால்தான் மொத்தத்தை மட்டும் அளக்கிறவர் ‘சார்ஜிங் சரியாத்தான் இருக்கு’ என்று போய்விடுகிறார். 14.9-ல் நாள் முழுக்க இருக்கும் மேல் பேட்டரி கொதித்துத் தண்ணீரைக் குடிக்கும், தகடு அரிக்கும். 13.1-ல் இருப்பது ஒருநாளும் முழு சார்ஜ் ஆகாது; தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும். எது முதலில் சாகும் என்பது லோடைப் பொறுத்தது. ஒன்றுக்கு மட்டும் அடிக்கடி தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது, இன்னொன்று மட்டும் சார்ஜ் நிற்கவில்லை என்று ஜோடியாகப் புகார் வந்தால் சந்தேகமே வேண்டாம்.

தீர்வு எளிது. நடு போல்ட்டில் இருக்கும் வயரைக் கழற்றிவிட்டு, 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்று போடுங்கள். 10 ஆம்ப் கன்வெர்ட்டர் பிளேயருக்கும் சார்ஜருக்கும் தாராளம். முழு லோடில் அது 24 வோல்ட் பக்கம் 6 ஆம்ப் அளவுக்கு இழுக்கும். எடுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே 10 ஆம்ப் ஃபியூஸ், 2.5 சதுர மி.மீ. வயர், சாவி போட்டால் மட்டும் வரும் லைன். சுவிட்சிங் வகையாகப் பார்த்து வாங்குங்கள். வெறுமனே வோல்ட்டேஜைக் குறைக்கும் பழைய வகை, எடுப்பதில் பாதியைச் சூடாக்கியே தீர்த்துவிடும். ஜி.பி.எஸ். கருவிக்குப் பெரும்பாலும் இதுவும் வேண்டாம். பல கருவிகளின் லேபிளில் 9 முதல் 36 வோல்ட் என்று போட்டிருக்கும். படிக்காமலே நடு போல்ட்டில் மாட்டிவிட்டுப் போகிறார்கள்.

உட்கார்ந்த பேட்டரி உண்மையிலேயே செத்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான் மாற்ற வேண்டும். இரண்டையும் பிரித்து, தனித்தனியாக 12 வோல்ட் சார்ஜரில் போடுங்கள். 150 ஏ.ஹெச்.சுக்கு 15 ஆம்ப், அதாவது பத்தில் ஒரு பங்கு, போதும். மணிக்கு ஒரு தடவை, ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை வைத்துப் பாருங்கள். அடுத்தடுத்து மூன்று தடவை ஏறாமல் நின்றால் அதுதான் அந்த பேட்டரியின் முழு சார்ஜ். கம்பெனியைப் பொறுத்து 1.240 முதல் 1.280 வரை இருக்கும், லேபிளில் பார்த்துக்கொள்ளலாம். கணக்கு 27 டிகிரிக்கு. ஆசிட் அதைவிட 10 டிகிரி கூடுதல் சூடாக இருந்தால் ரீடிங்கோடு 0.007 கூட்ட வேண்டும். நம் ஊர் கத்திரி வெயிலில் இந்தக் கணக்கை விட்டுவிட்டால் நல்ல பேட்டரியும் மோசமாகத் தெரியும். ஆறு செல்லில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 0.030-க்கு மேல் கீழே நின்றால் அந்த செல் போய்விட்டது. ஆறும் சமமாகக் கீழேயே நின்று ஏற மறுத்தால் சல்பேட் இறுகியிருக்கிறது. ஆறும் ஏறிவிட்டால் பேட்டரி பட்டினி கிடந்ததே தவிர சாகவில்லை. சார்ஜ் முடிந்து ஒரு ராத்திரி சும்மா வைத்துவிட்டு அளந்தால் 12.6 அளவுக்கு இருக்க வேண்டும், 12.2 என்றால் பாதிதான்.

மாற்றுவதாக முடிவானால் ஜோடியாக மாற்றுங்கள்: ஒரே கம்பெனி, ஒரே ஏ.ஹெச்., முடிந்தால் ஒரே மாதத் தயாரிப்பு. பழையதோடு புதியதைக் கோர்த்தால் நடு வயர் எடுத்தது போலவே ஏற்றத்தாழ்வு வரும், காரணம் மட்டும் வேறு. நன்றாக இருக்கும் பழையதை வீணாக்க மனசில்லை என்றால் அதே வயதுள்ள இன்னொன்றோடு வேறு வண்டிக்குப் போடலாம்.

அடுத்தது செல்ஃப். தட்டும் சத்தத்திலேயே கொஞ்சம் விஷயம் இருக்கிறது. ‘டக் டக் டக்’ என்று விடாமல் தட்டினால் வோல்ட்டேஜ் பற்றவில்லை: சாலினாய்டு (செல்ஃபுக்குக் கரன்ட்டை இணைக்கும் காந்த சுவிட்ச்) பிடிக்கிறது, லோடு விழுந்ததும் வோல்ட்டேஜ் சரிகிறது, விட்டுவிடுகிறது, மறுபடி பிடிக்கிறது. ஒரே ஒரு ‘டக்’ மட்டும் கேட்டு அமைதியானால் சாலினாய்டுக்குள் காப்பர் கான்டாக்ட் எரிந்திருக்கலாம். சத்தமே இல்லை என்றால் சாவியிலிருந்து வரும் லைன், ரிலே, மெயின் சுவிட்ச் என்று பார்க்க வேண்டும்.

உங்கள் வண்டி தட்டுகிறது. பேட்டரி பலவீனம் ஒரு காரணம். கேபிளிலும் எர்த்திலும் வோல்ட்டேஜ் தொலைவது இன்னொன்று. இரண்டையும் பிரித்தறிய ஒரு மல்டிமீட்டரும் சாவியைத் திருப்ப ஒரு ஆளும் போதும். சார்ஜ் ஏற்றிய பேட்டரியோடுதான் செய்ய வேண்டும். கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். டீசல் போகாததால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாமல் சுற்ற மட்டும் செய்யும். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் அடிக்காதீர்கள், நடுவில் ஒரு நிமிஷம் இடைவெளி விடுங்கள்.

மீட்டரின் சிவப்பு முனையை மேல் பேட்டரியின் பாசிட்டிவ் ஈயக் கொம்பிலேயே வையுங்கள். கிளாம்பில் வைத்தால் கிளாம்புக்கும் கொம்புக்கும் நடுவில் இருக்கும் கோளாறு தப்பிவிடும். கறுப்பு முனை கீழ் பேட்டரியின் நெகட்டிவ் கொம்பில். செல்ஃப் அடிக்கும்போது 19-க்கு மேல் நின்றால் பேட்டரியைக் குறை சொல்ல வேண்டியதில்லை. 18-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம், அல்லது செல்ஃப் உள்ளே பிடித்துக்கொண்டு அளவுக்கு மீறி இழுக்கிறது. அடுத்து சிவப்பை அதே கொம்பிலும் கறுப்பை செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டிலும் வைத்து அடிக்கச் சொல்லுங்கள். இப்போது மீட்டர் காட்டுவது அந்தப் பாதையில் தொலையும் வோல்ட்டேஜ், 0.5-க்குள் இருக்க வேண்டும். பிறகு நெகட்டிவ் கொம்புக்கும் செல்ஃபின் இரும்பு உடம்புக்கும் நடுவில், இதுவும் 0.5-க்குள். குட்டை கேபிளின் இரண்டு முனைக் கொம்புகளுக்கு நடுவில் 0.2-க்குள்.

பேட்டரியில் 21 நிற்கும்போது செல்ஃபில் 17.5 மட்டும் வந்தால் 3.5 வோல்ட் வழியில் தொலைகிறது. 300 ஆம்ப் போகும் இடத்தில் 3.5 வோல்ட் என்றால் ஆயிரம் வாட்டுக்கு மேல் சூடு. அந்தச் சூடு முழுக்க ஒன்றிரண்டு மோசமான ஜாயின்ட்டில்தான் இறங்கும். இரண்டு மூன்று தடவை அடித்தபின் ஒவ்வொரு லக்கையும் (கேபிள் முனையில் போல்ட் மாட்டும் வளையம்) கையால் தொட்டுப் பார்த்தாலே குற்றவாளி அகப்படுவார். மெல்லத் தொடுங்கள், சில சமயம் விரல் பொத்துப் போகும்.

இந்த வயது வண்டிகளில் கோளாறாக அதிகம் அகப்படுவது இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவிலான பின்னல் எர்த் பட்டை. பேட்டரி நெகட்டிவ் சேஸிஸில் இருக்கிறது, செல்ஃப் இன்ஜினில் இருக்கிறது, இன்ஜினோ ரப்பர் மவுன்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பட்டைதான் பாலம். எண்ணூர், காசிமேடு பக்கத்து உப்புக் காற்றில் வெளியே முழுசாகத் தெரிந்தாலும் உள்ளே இழை இழையாகப் பொடிந்திருக்கும். கிளட்ச் கழற்றும்போது விட்டுவிட்டுத் திரும்ப மாட்டாமல் போவதும் உண்டு. பட்டை இல்லாவிட்டால் கரன்ட் ஆக்ஸிலேட்டர் கேபிள், கியர் லிங்க் என்று கிடைத்த இரும்பு வழியாகத் திரும்பும். ஸ்டார்ட் செய்யும்போது ஆக்ஸிலேட்டர் கேபிள் சூடாகிறது, புகைகிறது என்று யாராவது சொன்னால் நேராக இந்தப் பட்டையைத்தான் பார்க்க வேண்டும். உட்காரும் இடத்தில் பெயின்ட்டை வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டி, நட்சத்திர வாஷர் போட்டு முறுக்கி, அதன்பின் மேலே கிரீஸ் பூசுங்கள்.

கேபிள் வாங்கும்போது 70 சதுர மி.மீ. காப்பர் என்று கேளுங்கள். 3 மீட்டர் நீளத்தில் 300 ஆம்ப் போனால் அதில் 0.22 வோல்ட்தான் தொலையும். 35 சதுர மி.மீ. போட்டால் இது இரட்டிப்பாகும். காப்பர் முலாம் பூசிய அலுமினியமாக இருந்தால் அதே 35-ல் 0.7 வரை போய்விடும். கடையிலேயே ஒரு இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். லக்கைச் சுத்தியலால் தட்டி நசுக்க விடாதீர்கள். ஹைட்ராலிக் கிரிம்ப் அடித்து மேலே சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடச் சொல்லுங்கள்.

டைனமோ, அதாவது ஆல்டர்னேட்டர், இதற்கு அப்புறம்தான். இன்ஜினைக் கொஞ்சம் ரேஸ் செய்து வைத்துக்கொண்டு பேட்டரியில் அளந்தால் 27.6-க்கும் 28.4-க்கும் நடுவில் வர வேண்டும். 26-ஐத் தாண்டவில்லை என்றால் முதலில் பெல்ட்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பாருங்கள், 10 முதல் 15 மி.மீ. இறங்கலாம். அடுத்து டேஷ்போர்டு சார்ஜிங் பல்ப். சாவி போட்டு, இன்ஜின் ஓடாதபோது அது எரிந்தே ஆக வேண்டும். ஏனென்றால் ஆல்டர்னேட்டரை முதலில் எழுப்பும் சிறு கரன்ட் அந்த பல்ப் வழியாகத்தான் ரோட்டருக்குப் போகிறது. பல்ப் ஃபியூஸ் போனால் நல்ல ஆல்டர்னேட்டரும் தூங்கிக்கொண்டே இருக்கும், சில சமயம் நன்றாக ரேஸ் செய்தால் மட்டும் விழிக்கும். அந்த இடத்தில் எல்.இ.டி. பல்ப் போட்டாலும் இதே கதிதான், அதன் வழியாகப் போதுமான கரன்ட் போகாது. சில்லறைக் காசு பல்புக்காக ஆல்டர்னேட்டரையே மாற்றுவது இங்கே நடக்காத விஷயம் இல்லை. 29-க்கு மேல் போனால் ரெகுலேட்டர். ஆல்டர்னேட்டர் செய்யும் லூகாஸ் டிவிஎஸ் கம்பெனி சென்னைப் பாடியிலேயே இருக்கும் ஊர் இது. பழைய மாடலுக்கும் ரெகுலேட்டர், டயோடு பிளேட், பிரஷ் செட் தனியாக ஜி.பி. ரோட்டில் தேடினால் கிடைக்கும், முழு யூனிட் வாங்க அவசரப்பட வேண்டாம்.

ராத்திரிக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். துறைமுகத்துக்குப் போகும் வரிசையில் நிற்கும்போது 5 வாட் பார்க்கிங் பல்ப் எட்டு எரிந்தால் 1.7 ஆம்ப். நான்கு 21 வாட் இண்டிகேட்டரும் ஹசார்டில் மினுக்கினால் சராசரியாக இன்னொரு 1.7. கேபின் ஃபேனையும் சேர்த்து எட்டு மணி நேரத்தில் 30 ஏ.ஹெச்.சுக்கு மேல் போய்விடும். ஐடிலில் வண்டியை நகர்த்தி நகர்த்தி நிறுத்தினால் அது திரும்பி வராது, பழைய ஆல்டர்னேட்டர் ஐடிலில் கொடுப்பது கொஞ்சம்தான்.

ஒன்றுமே போடாமல் நிறுத்தினாலும் இறங்குகிறது என்றால், மெயின் சுவிட்சை ஆஃப் செய்து அதன் இரண்டு போல்ட்டுக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்ப் ரேஞ்சில் வையுங்கள். அந்த நேரத்தில் யாரும் சாவியைத் தொடக் கூடாது, தொட்டால் மீட்டர் காலி. எலக்ட்ரானிக்ஸ் இல்லாத பழைய வண்டியில் 0.05 ஆம்புக்கு மேல் காட்டக் கூடாது. 0.5 காட்டினால் நாளைக்கு 12 ஏ.ஹெச். ஒழுகுகிறது. ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் விழுகிறதோ அந்த லைன். எதற்கும் விழவில்லை என்றால், ஒரு தடவை பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டரின் பெரிய வயரைக் கழற்றித் தனியாக டேப் சுற்றி வைத்துப் பாருங்கள், டயோடு ஒழுகலாம். மெயின் சுவிட்சுக்கு முன்னாலேயே நேராக பேட்டரியில் மாட்டிய ஜி.பி.எஸ். இந்தச் சோதனையில் அகப்படாது, அதைக் கண்ணால் தேட வேண்டும்.

பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் எரிவது பின்பக்க லைட்டின் எர்த் கோளாறு. ஸ்டாப் பல்ப் வழியாக வந்த கரன்ட்டுக்கு எர்த் கிடைக்காமல், ஒரே ஹவுசிங்கில் இருக்கும் இண்டிகேட்டர் பல்ப் வழியாகப் பின்னால் ஏறி, முன்பக்க இண்டிகேட்டரின் எர்த்தைத் தேடிப் போகிறது. பல்புகள் வரிசையாகிவிடுவதால் எல்லாமே மங்கல். டெயில் லைட்டிலிருந்து சேஸிஸுக்குத் தனி எர்த் வயர் இழுத்தால் தீர்ந்தது. டிரெய்லரில் கிங்பின் (டிரெய்லரை வண்டியோடு கோர்க்கும் முளை) வழியாக எர்த் வரும் என்று நம்பாதீர்கள், கிரீஸ் இருக்கும் இடம் அது. வண்டியிலிருந்து டிரெய்லருக்குப் போகும் பிளக்கின் எர்த் பின்னைச் சுத்தம் செய்யுங்கள்.

அப்படியே ஃபியூஸ் பாக்ஸையும் திறந்து பாருங்கள். பழைய தோட்டா ஃபியூஸில் வெள்ளை 8 ஆம்ப், சிவப்பு 16, நீலம் 25. அதில் சிகரெட் வெள்ளித்தாள் சுற்றியிருந்தாலோ வயர் முறுக்கியிருந்தாலோ, சேஸிஸ் ஓரமாக எங்கேயோ வயர் உரசி ஷார்ட் ஆகி, அதைத் தேடச் சோம்பிய கை வேலை செய்திருக்கிறது. அடுத்த ஷார்ட்டில் எரியப் போவது ஹார்னஸ், அதாவது வண்டியின் மொத்த வயர் கட்டு.

தண்ணீர் விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். தகட்டுக்கு மேல் 10 முதல் 15 மி.மீ. நிற்க வேண்டும், டிஸ்டில்ட் வாட்டர் மட்டும். சென்னை போர் தண்ணீரில் இருக்கும் உப்பும் இரும்பும் பேட்டரியைத் தின்றுவிடும். கேன் தண்ணீரும் ஏ.சி.யில் சொட்டுவதும் டிஸ்டில்ட் வாட்டர் ஆகாது. ஆசிட் ஊற்றவே வேண்டாம். தண்ணீர்தான் ஆவியாகிறது, ஆசிட் உள்ளேயே இருக்கிறது. கொம்பில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால், மூடிகளை இறுக்கிவிட்டு ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் கழுவித் துடைத்து, கிளாம்பை முறுக்கிய பிறகு வெளியே வாசலின் தடவுங்கள். கிளாம்பைச் சுத்தியலால் தட்டி இறக்கினால் உள்ளே கொம்பும் தகடும் சேரும் இடம் விட்டுப்போகும்.

கழற்றும்போது சேஸிஸுக்குப் போகும் நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில். வரிசை மாறினால் பாசிட்டிவ் போல்ட்டில் இருக்கும் ஸ்பேனர் சேஸிஸைத் தொட்ட கணத்தில் வெல்டிங் ஆகிவிடும். இன்ஜின் ஓடும்போது மெயின் சுவிட்சை ஆஃப் செய்யாதீர்கள், பேட்டரி விலகிய நொடியில் எகிறும் வோல்ட்டேஜ் டயோடையும் ரெகுலேட்டரையும் கொன்றுவிடும். டிரெய்லரில் வெல்டிங் வேலை இருந்தால் பேட்டரியின் இரண்டு முனையும் ஆல்டர்னேட்டர் வயரும் கழற்றிய பிறகுதான் ஹோல்டரைத் தொட விடுங்கள். வெல்டிங் எர்த் கிளாம்ப், ராடு படும் இடத்துக்கு ஒரு முழம் தூரத்துக்குள் இருக்கட்டும்.